கைநாட்டிலிருந்து கணக்கேட்டிற்கு

கல்வி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் குடும்பங்களில் தோன்றும் கனவுகள் சிலவே. மகன் ஆசிரியராக வேண்டும். மகள் செவிலியாக வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் குடும்பம் கரையேறிவிடும். இக்கனவுகளை நாம் குறைகூற முன்வரவில்லை. பிறப்பைக் கேட்டும் நம்மை வெளியே நிறுத்த இயலாத வாயிலாக அரசுப் பணி ஒன்றே நெடுங்காலம் இருந்தது; அவ்வாயிலை நோக்கி நம் முன்னோர் பிள்ளைகளை நடத்திச் சென்றது அறிவுடைய செயலே ஆகும். ஆயினும், வணிகம் படிக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், “நமக்கெதற்கப்பா அதெல்லாம்?” என்ற கேள்வி இன்றும் நம் திண்ணைகளில் எழக் காண்கிறோம். இக்கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் எழுதிவைப்பது பொருந்தும் எனக் கருதினோம். வணிகத்தின் அடிப்படைகளை ஏழை எளியோரும் பயிலுதற்கென வந்த சமுதாயக் கல்லூரி என்னும் அமைப்பும் நம் சங்கமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கணக்கு என்பது நம் மக்களுக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் கணக்கிலேயே பிறந்து கணக்கிலேயே மடிந்தனர். அக்கணக்கை எழுதிய கை வேறொருவருடையது என்பதுதான் வேறுபாடு. பண்ணையாளாகவும் படியாளாகவும் உழைத்தவன் திருமணத்திற்கென்றும் சாவுச் செலவிற்கென்றும் ஐம்பதோ நூறோ வாங்கினான். வாங்கியது எவ்வளவு, கொடுத்த கூலி எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்பனவெல்லாம் ஆண்டையின் வீட்டு ஏட்டில் இருந்தன. புரோநோட்டின் அடியில் பெருவிரலை உருட்டியவனுக்கு மேலே எழுதியிருந்தது தெரியாது. தந்தை இறந்தால் கடன் மகனுக்கு இறங்கிற்று. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் நாடாளுமன்றச் சட்டமாகிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இக்கடன்களைச் செல்லாதனவாக்கியது. சட்டத்தின் வலிமை பெரிது. ஆனால் செங்கற்சூளையிலும் கரும்பு வெட்டிலும் கற்குவாரியிலும் ‘முன்பணம்’ என்ற பெயரில் அதே ஏடு வேறு அட்டையுடன் திரும்பி வந்ததை நம் மாவட்டத்து மக்கள் அறிவர்.

நிலத்தின் கதையும் இதுவே. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892இல் சென்னை மாகாண அரசு நம் மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. குறிப்பிட்ட காலம்வரை விற்கலாகாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்று நிபந்தனையும் விதித்தது. பஞ்சமி நிலம் எனப்படும் அந்நிலங்களுள் பெரும்பகுதி இன்று யாரிடம் உள்ளது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அடாவடியால் போனது ஒரு பங்கு. கடனுக்கு ஈடாக, படித்தறியாத பத்திரத்தில் வைத்த கைநாட்டால் போனது மற்றொரு பங்கு.

தோல் தொழிலை எண்ணிப் பார்த்தால் செய்தி இன்னும் தெளிவாகும். இறந்த மாட்டை அகற்றி, தோலை உரித்து, ஆவாரம்பட்டையிலும் சுண்ணாம்பிலும் ஊறவைத்துப் பதப்படுத்தும் நுட்பம் தலைமுறை தலைமுறையாக நம் மக்களிடம், சிறப்பாக அருந்ததியர் குடும்பங்களிடம், இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் பதனிட்ட தோல் கப்பலேறி இலண்டன் சென்று பெரும் ஏற்றுமதிப் பொருளாயிற்று. தொழில்நுட்பம் நம்மிடம் இருந்தும் வணிகம் நம்மிடம் வரவில்லை. கொள்முதல், சரக்கிருப்பு, கடன்வசதி, ஏற்றுமதி விலை ஆகியவற்றை அறிந்த வணிகர் கையில் தொழில் போய்ச் சேர, நம்மவர் தொட்டியில் இறங்கும் கூலியாட்களாயினர். கைத்திறன் மட்டும் ஒரு சமுதாயத்தை உயர்த்தும் என்று மேடைகளில் முழங்குவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

வணிக அறிவை வணிகர் எங்கே பெற்றனர்? பள்ளிக்கூடத்தில் அன்று. நகரத்தார் குடும்பத்துச் சிறுவன் பர்மாவிலோ மலேயாவிலோ இருந்த கடைக்குப் ‘பெட்டியடிப் பையன்’ ஆக அனுப்பப்பட்டான். பெட்டியருகே அமர்ந்து குறிப்பெழுதிப் பழகி, பின்னர் ‘அடுத்தாள்’ ஆகி, ஏட்டையும் வட்டியையும் மனிதரையும் எடைபோடக் கற்றபின் ஒரு கடைக்குப் பொறுப்பாளனானான். சம்பளம் பெற்றுக்கொண்டே பயின்ற கல்லூரி அது. அதில் சேர விண்ணப்பம் வேண்டியதில்லை. பிறப்பு ஒன்றே வேண்டும். இரட்டைப் பதிவு முறையை விளக்கும் முதல் அச்சுநூலை இத்தாலியத் துறவி லூக்கா பச்சியோலி வெனிசு நகரில் வெளியிட்ட ஆண்டு 1494. நூலில் அச்சேறிய அறிவு உலகிற்கெல்லாம் பொது என்பர். ஆனால் கடையின் உள்ளறையில் நுழைய முடியாதவனுக்கு அச்சிட்ட ஏடும் மூடிய ஏடே.

சென்னையில் பச்சையப்பர் அறக்கட்டளையார் 1886இல் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். இந்தியாவின் முதல் வணிகப் பள்ளியென இதனைக் குறிப்பிடுவர். அதே அறக்கட்டளையின் பச்சையப்பன் கல்லூரி ஆதிதிராவிட மாணவருக்குத் திறக்கப்பட்டது 1927இல்தான். இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே எழுதிப் பார்த்தாலே, திண்ணையில் எழும் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

கதவு மூடியிருந்த காலத்திலும் சாளரத்தின் வழியே கற்றவர்கள் நம்மிடை இருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் அவர்களை நாம் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த தலைவராக அறிவோம். 1890இல் சென்னைக்கு வருமுன் அவர் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றியவர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1893இல் அவர் தொடங்கிய ‘பறையன்’ இதழ் முதலில் திங்கள் இதழாக வந்தது. சில திங்களில் கிழமை இதழாயிற்று, ஈராண்டிற்குள் சொந்த அச்சுக்கூடம் கண்டது, 1900வரை நடந்தது. கொள்கைக்காக இதழ் தொடங்கியோர் பலர். அச்சுக்கூலி கொடுக்க முடியாமல் மூன்றாவது இதழோடு நிறுத்தியோரும் பலர். ஏழாண்டுகள் ஓர் இதழை நிலைக்கச் செய்ததில் கணக்கரின் கை இருந்தது என்றே நாம் கருதுகிறோம். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தம் இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ எனப் பெயரிட்டு விலையையே தலைப்பில் வைத்தார். வாங்குவோன் பையில் என்ன இருக்கிறது என்று அறிந்து விலை வைத்த அச்செயலை இன்றைய மேலாண்மை நூல்கள் ஓர் அதிகாரம் முழுவதும் விரித்துப் பேசும். கடல்கடந்து இரங்கூனில் வணிகம் செய்து பெருஞ்செல்வராகி, புலவர்களைப் புரந்த பி. எம். மதுரைப் பிள்ளை அவர்களும் (1858–1913) நம்மவரே. ஊரில் கடைவைக்க இடமில்லாதவருக்குக் கடலுக்கப்பால் இடமிருந்தது என்பது எண்ணத்தக்கது.

இனி, அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதிக்கு வருவோம். பரோடாவில் தங்குவதற்கு வீடும் கிடைக்காமல் அவமதிக்கப்பட்டு 1917இல் பம்பாய் திரும்பிய அவர், பங்குகள் பற்றி ஆலோசனை கூறும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளியல் பயின்றவர். அத்துறையில் அவருக்கு இணையாகக் கற்றோர் அந்நகரில் மிகச் சிலரே இருந்திருப்பர். தொழில் நடக்கவே செய்தது. ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாத வகுப்பினர் என்று தெரிந்த அன்று வாடிக்கையாளர் வருவது நின்றது, நிறுவனம் மூடப்பட்டது. பிறகு ஒரு பார்சியரிடம் கணக்கெழுதும் வேலையும் பார்த்தார். 1918இல் சிடனாம் வணிகவியல் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். அங்கும் ஆசிரியர்க்குரிய தண்ணீர்ப் பானையைத் தொடலாகாதென உடன் பணியாற்றியோர் சிலர் தடுத்தனர். 1925 முதல் 1928வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1953இல் பம்பாயில் சித்தார்த்தா வணிகவியல், பொருளியல் கல்லூரியைத் தொடங்கியது. தம் நிறுவனத்தை இழுத்து மூடவைத்த அந்நகரிலேயே நம் பிள்ளைகளுக்கு வணிகம் கற்பிக்கக் கல்லூரி எழுப்பியவர் அவர்.

இந்நிகழ்ச்சியிலிருந்து ஓர் உண்மையை மறையாது கூறவேண்டும். வணிக அறிவு இருந்தால் போதும், வணிகம் நடந்துவிடும் என்பது பொய். சந்தைக்குச் சாதி இல்லை என்று பொருளியல் நூல்கள் எழுதலாம். இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகளைப் பார்த்த நாம் அவ்வாறு எழுத இயலாது. நம்மவர் வைத்த சிற்றுண்டிக் கடையில் ஊரார் கை நனைப்பாரா என்பது இன்றும் பல சிற்றூர்களில் திறந்த கேள்வியே. அறிவு இல்லாமல் இழப்பது ஒன்று. அறிவிருந்தும் மறுக்கப்படுவது மற்றொன்று. முன்னதைக் கல்வி தீர்க்கும். பின்னதைக் கல்வி மட்டும் தீர்க்காது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே மேற்செல்லுவோம்.

நம் தருமபுரி, சேலம் மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டமானது 1965இல். அரசு கலைக் கல்லூரி இந்நகரில் தோன்றியதும் அவ்வாண்டே. 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பள்ளிப் பாடங்களாயின. தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்கியல் தேர்வுகளுக்குப் பயிற்றுவிக்கும் பயிலகங்கள் சிறுநகரங்களின் மாடிகளில் முளைத்தன. அப்பயிலகங்களின் ஓயாத ஓசையில் நம் பெண்மக்கள் பலர் முதன்முதலாக வேலை என்ற சொல்லைக் கேட்டனர். எனினும் அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், ஏன், எட்டாம் வகுப்போடு பெங்களூருக்குப் பேருந்தேறியவர்கள், கல்லூரிக் கணக்கில் சேரவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்தில் 68.5 விழுக்காடு. மாவட்டங்களுள் கடைசி இடம். கதவு திறந்தபோதும் படிக்கட்டு உயரமாயிருந்தது.

இத்தகைய படிக்கட்டைத் தாழ்த்தும் முயற்சியே சமுதாயக் கல்லூரி. அதன் பிறப்பு அமெரிக்க நாட்டில். இல்லினாய் மாநிலத்தின் சோலியட் நகரில் 1901இல் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரி இவ்வகைக்கு மூத்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1947இல், அதிபர் துரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, கட்டணம் வாங்காத அல்லது மிகக் குறைவாக வாங்கும் சமுதாயக் கல்லூரிகளை நாடெங்கும் நிறுவப் பரிந்துரைத்தது. வீட்டிலிருந்தே சென்று வரலாம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், வயது தடையன்று. நம் நாட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் 1995இல் முதல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996இல் சென்னை மயிலை உயர் மறைமாவட்டத்தார் சென்னையில் ஒன்றைத் தொடங்கினர். இலயோலா கல்லூரியின் முன்னாள் முதல்வர் அருள்திரு சேவியர் அல்போன்சு இவ்வியக்கத்தைப் பரப்புவதற்கென 1999இல் ஓர் ஆய்வு, வளர்ச்சி மையத்தையே அமைத்தார். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் தோன்றியபின் இத்தகைய கல்லூரிகள் பலவற்றிற்கு அங்கீகாரம் அளித்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009இல் ஒரு திட்டம் கொணர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், ஏற்கெனவே உள்ள கல்லூரிகளுக்குள்ளேயே இவ்வகைப் படிப்புகளை நடத்தும் திட்டத்தைத் தொடங்கியது.

திட்டங்கள் பல, மாறிய பெயர்களும் பல. அவற்றுள் அடங்கிய முறைதான் நமக்கு வேண்டியது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர், வயது கடந்தவர், திருமணமான பெண்கள் ஆகியோருக்கு இடமளித்தல் முதலாவது. ஆறு திங்கள் அல்லது ஓராண்டில் முடியும் படிப்பில் வாழ்க்கைத் திறன், தொழில் திறன், ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி என மூன்றையும் இணைத்தல் அடுத்தது. இம்மூன்றாவது உறுப்பை உற்று நோக்குங்கள். பெட்டியடிப் பையன் தன் குலத்தின் கடையில் பெற்றதை, கடையே இல்லாத குலத்தின் பிள்ளைக்குப் பயிற்சிக் காலமாக வாங்கித் தரும் ஏற்பாடு அது. நூலைப் பார்த்துப் பேரேடு எழுதுவது வேறு. ஒரு மொத்த விற்பனைக் கடையில் நின்று, சரக்கு வந்திறங்கும்போது எண்ணி, சேதத்தைத் தள்ளி, பட்டியலோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுவது வேறு.

இவ்விடத்தில் நம் மூத்தோர் சிலர் ஐயுறுவதுண்டு. அவ்வையம் நியாயமானது. 1953இல் இராசாசி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றது. ‘குலக்கல்வி’ எனப் பெயர்பெற்ற அத்திட்டம் எதிர்ப்பின் முன் நிற்கமாட்டாமல் 1954இல் கைவிடப்பட்டது. மற்றவர் பிள்ளை பட்டம் பெற, நம் பிள்ளைக்கு ஓராண்டுச் சான்றிதழ் என்றால், பழைய சுவரில் புதிய சுண்ணாம்பு அடித்ததாகாதா? ஆகக்கூடும் என்பதே நம் விடை. பிறர் கடையில் பெட்டி தூக்கவும், துணி மடித்து வைக்கவும், வருவோர்க்கு வணக்கம் சொல்லவும் மட்டும் பயிற்றிவிட்டு அதற்குச் ‘சில்லறை வணிக மேலாண்மை’ எனப் பெயர் சூட்டும் நிலையங்களும் நாட்டில் உள்ளன. சேருமுன் இரண்டைக் கேட்டறிய வேண்டும். கணக்குப்பதிவும் விலைக்கணிப்பும் பாடத்தில் உள்ளனவா? இச்சான்றிதழோடு மேற்படிப்பு, அதாவது பட்டயமும் 2014 முதல் வந்துள்ள தொழிற்கல்வி இளநிலைப் பட்டமும், தொடர வழியுண்டா? இரண்டிற்கும் ‘ஆம்’ என்ற விடை வந்தால் அது படி. வராவிட்டால் அது பள்ளம்.

வணிகத்தின் அடிப்படை என்று கற்பிக்கப்படுவதுதான் என்ன? குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு. முதல், நடைமுறை முதல், தேய்மானம். விலை, கொள்முதல், காப்பீடு, வரி. கணினியில் டேலி. பெயர்கள் அச்சுறுத்தும்; பொருள் எளிது. ஒன்றிரண்டை எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி வாங்கித் தெருத்தெருவாக விற்கும் ஒரு பெண்மணி தண்டற்காரரிடம் பத்தாயிரம் ரூபாய் கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு கையில் 9,000 தருவார். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “பத்தாயிரத்துக்கு ஆயிரம்தானே, நூற்றுக்குப் பத்து வட்டி” என்று அப்பெண்மணி நினைப்பார். கணக்குப் படித்த மகள் அவ்வாறு நினைக்கமாட்டாள். முதல்நாள் கையிலிருந்த கடன் 9,000; இறுதிநாள் ஒன்றுமில்லை. நாள்தோறும் திருப்பிக் கட்டுவதால் சராசரியாகக் கையில் நின்றது 4,500 அளவே. அந்த 4,500க்கு 100 நாள் வட்டி 1,000 என்றால், நூறு நாளுக்கு 22 விழுக்காடு. ஓராண்டுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இதில் சிறு பங்கு வட்டிக்குப் பணம் கிடைக்கும். நூற்றுக்குப் பத்தென்று எண்ணியிருந்தவரை அவர் வங்கிக்கு ஏன் நடக்கவேண்டும்? நம் மக்கள் வங்கியை நாடாமைக்கு அச்சம் ஒரு காரணம். தண்டலின் உண்மை வட்டியை யாரும் எழுதிக் காட்டாமை பெரியதொரு காரணம்.

மற்றொன்று, பாடநூல்கள் ‘எடுப்புகள்’ எனக் குறிப்பது. மளிகைக் கடை வைத்தவர் கடையிலிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோ அரிசி எடுக்கிறார். பெட்டியிலிருந்து பேருந்துக்கு ஐம்பது எடுக்கிறார். சொந்தக் கடைதானே என்று எழுதுவதில்லை. நாளொன்றுக்கு 150 ரூபாய் இவ்வாறு போனால் திங்களுக்கு 4,500, ஆண்டுக்கு 54,000. ஐம்பதாயிரம் முதல் போட்ட கடை ஓராண்டில் வெறும் அலமாரியாக நிற்கும்போது, கண்ணேறு பட்டுவிட்டது என்று பூசணிக்காய் உடைப்போம். வீட்டுக்கு எடுக்கக் கூடாதென்று வணிகவியல் கூறவில்லை. எடுத்ததை எழுது என்றே கூறுகிறது. கடை வேறு, கடைக்காரர் வேறு என்று கருதிக் கணக்கெழுதும் இந்நெறி முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படும் பாடம். ஆயினும் இதனைப் பழக ஓராண்டு ஆகும். சங்கங்களை நடத்தும் நமக்கும் இப்பாடம் தேவை என்பதை இங்கே நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

காப்பீடு பற்றிச் சொல்ல வந்தால் நம் மாவட்டத்தின் ஒரு துயர நாளை நினைவுகூராமல் இயலாது. 2012 நவம்பர் 7ஆம் நாள், ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி, நாய்க்கன்கொட்டாய் அருகிலுள்ள நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. அம்மக்களுட் பலர் பெங்களூரிலும் பிற ஊர்களிலும் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு கட்டியவர்கள். இருசக்கர வண்டி, தொலைக்காட்சி, நகை, ரொக்கம் மட்டுமன்றி, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் நிலப் பத்திரங்களும் சாம்பலாயின. எரித்தோர் நோக்கம் வெறும் சினம் என்று நாம் கருதவில்லை. கூரைவீடு கல்வீடானதே அவர்கள் கண்ணை உறுத்தியது.

உலகில் இது முதல்முறையன்று. அமெரிக்காவில் துல்சா நகரின் கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்கள் கடைகளும் விடுதிகளும் திரையரங்குகளும் இதழ்களும் நடத்திச் செழித்திருந்தனர். 1921 மே 31, சூன் 1 ஆகிய இரு நாள்களில் வெள்ளையர் கும்பல் ஏறத்தாழ 35 தெருக்கட்டங்களைக் கொளுத்தியது. காப்பீடு செய்திருந்தவர்கள் இழப்பீடு கேட்டனர். ‘கலவரத்தால் ஏற்படும் இழப்பிற்குப் பொறுப்பில்லை’ என்னும் விதியைக் காட்டி நிறுவனங்கள் மறுத்துவிட்டன. பத்திரத்தின் பொடியெழுத்தில் இருந்த ஒரு வரி, ஒரு நகரத்துச் செல்வத்தைத் திரும்ப எழவிடாமற் செய்தது.

நம் நாட்டில் அவ்வரி இப்போது வேறாக உள்ளது. 2021 ஏப்பிரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கவேண்டிய பொதுத் திட்டங்களாக, வீடுகளுக்குப் ‘பாரத் கிருக ரட்சா’வும், மதிப்பு ஐந்து கோடிக்கு மேற்படாத சிறு தொழில்களுக்குப் ‘பாரத் சூட்சும உத்யம் சுரட்சா’வும் வந்துள்ளன. தீ, வெள்ளம், புயல் ஆகியவற்றோடு கலவரமும் வன்செயலும் இவற்றின் காப்பில் அடங்கும். வீட்டின் மதிப்பை எவ்வாறு எழுதுவது, கடைச் சரக்கிற்கு எந்நாளைய கணக்கைக் காட்டுவது என்பனவெல்லாம் ஏடு வைத்திருப்பவருக்கே எளிது. சரக்கேடு இல்லாதவன் எரிந்தது இவ்வளவு என்று எதைக்கொண்டு மெய்ப்பிப்பான்? எரித்தவரைத் தண்டிப்பது அரசின் கடமை. அதற்காகப் போராடுவது நம் உரிமை. அப்போராட்டம் முடியும்வரை கடையை மீண்டும் திறப்பதற்கு ஏட்டின் படி ஒன்று வேறிடத்தில் இருப்பது நன்று. சான்றிதழ்களுக்கும் இதுவே பொருந்தும். அவற்றை எண்மப் பெட்டகத்தில் ஏற்றிவைக்க இன்று கட்டணமில்லை.

இனி அண்ணலின் நிறுவனம் மூடப்பட்ட கதைக்குத் திரும்புவோம். வாங்குவோர் சாதி பார்த்தால் என் செய்வது? பெயரும் முகமும் பாராமல் வாங்கும் வாடிக்கையாளரை நாடுவது ஒரு வழி. அரசு அவர்களுள் பெரியவர். நடுவணரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெறவேண்டும் என 2012இல் ஆணை நடைமுறைக்கு வந்தது. அவ்வளவையும் விற்பதற்கு நம்மிடம் போதிய நிறுவனங்கள் இல்லாமையே இன்றைய குறை. முதலுக்கும் வழிகள் தோன்றின. 1974இல் வீட்டுவசதிக்கெனத் தொடங்கிய தாட்கோ, பின்னர்த் தொழிற்கடனுதவிக்கும் உரிய கழகமாயிற்று. நடுவணரசின் ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’ திட்டம், 2016 முதல் 2025 மார்ச்சு வரை, ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்கேனும் பத்து இலட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் தரவேண்டும் என்றது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் அளிக்கிறது. கல்வித் தகுதி கேட்கப்படுவதில்லை.

கல்வித் தகுதி கேட்காத திட்டத்திற்குக் கல்வி எதற்கு என்று ஓர் இளைஞர் நம்மை வினவினார். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பத்தோடு கேட்பது திட்ட அறிக்கை. எந்திரத்தின் விலை, கட்டட வாடகை, மூலப்பொருள், கூலி, திங்கள்தோறும் எதிர்பார்க்கும் விற்பனை, கடன் திரும்பும் காலம் ஆகியவற்றை அவ்வறிக்கை காட்டவேண்டும். இதனைப் பணம் கொடுத்து எழுதி வாங்கலாம். பலரும் அவ்வாறே செய்கின்றனர். பிறகு வங்கி மேலாளர் எதிரே அமரவைத்து, “நடைமுறை முதலுக்கு மூன்று திங்கள் கணக்கா, இரண்டு திங்கள் கணக்கா? சரக்குக் கடனில் போனால் என்ன செய்வீர்?” என்று கேட்கும்போது எழுதிக் கொடுத்தவர் அருகில் இருக்கமாட்டார். தன் கையால் எழுதியவரே அதற்கு விடை கூற இயலும். அவ்விளைஞர் இப்போது மாலை வகுப்பிற்குச் செல்கிறார். தன் தந்தையின் செருப்புக் கடைக்குக் கடந்த மூன்று திங்களின் வரவு செலவை முதன்முறையாக எழுதிக்கொண்டிருக்கிறார்.